சேதம் எப்போது சடுதிமாற்றம் ஆகிறது?

கேள்வி கேட்டவர் கல்லூரி மாணவர் என்று தெரிகிறது. அவர் எழுதியதன் சாரம் இது: "சைட்டோசின் தன் அமினோ தொகுதியை இழந்தால் யுராசில் ஆகும், இதனால் சடுதிமாற்றம் உண்டாகும்" என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஒரு காரத்தில், அதாவது டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தில், நடந்த சிறிய வேதி மாற்றம் எப்படித் தலைமுறை தாண்டி நிலைக்கிறது? வெயில், சிகரெட், பூஞ்சை பிடித்த நிலக்கடலை எல்லாம் இதே வழியில்தான் வேலை செய்கின்றனவா? கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வரி: தன் மாமாவுக்கு வந்த கல்லீரல் புற்றுநோய்க்குக் கடலைதான் காரணமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான். டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதத்துக்கும் சடுதிமாற்றத்துக்கும் இடையே என்ன நடக்கிறது? பாடநூல் தாண்டிச் செல்வது சரியாக அந்த இடத்தைத்தான். நான் பயிர் மரபியலில் பல ஆண்டுகள் வேலை செய்தவன். விதைகளை வேதிப்பொருளில் ஊறவைத்துச் சடுதிமாற்றங்களை உண்டாக்குவதே என் தொழிலாக இருந்தது. மருத்துவன் அல்லேன். அதனால் மாமாவைப் பற்றிய கேள்விக்கு என் பதில் ஓர் எல்லைக்குள்தான் இருக்கும்.

சைட்டோசினிலிருந்தே தொடங்குவோம். டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் சைட்டோசின் குவானைனோடும், அடினைன் தைமினோடும் இணை சேரும். சைட்டோசின் வளையத்தின் நான்காம் இடத்தில் ஓர் அமினோ தொகுதி இருக்கிறது. எதிர் இழையில் உள்ள குவானைனோடு கைகோர்க்க அது ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. செல்லுக்குள் எங்கும் நிறைந்திருக்கும் நீர் எப்போதாவது அந்த இடத்தைத் தாக்கி அமினோ தொகுதியை வெளியேற்றிவிட்டு, அங்கே ஓர் ஆக்சிஜனை உட்கார வைத்துவிடுகிறது. இதற்குக் கதிர்வீச்சும் வேண்டாம், நஞ்சும் வேண்டாம், உடல் வெப்பமும் நீரும் போதும். விளைவது யுராசில். முன்பு ஹைட்ரஜனைக் கொடுத்த இடம் இப்போது ஹைட்ரஜனை ஏற்கும் இடம். ஆகவே இது இனி குவானைனுக்குப் பொருந்தாது, அடினைனுக்குத்தான் பொருந்தும்.

இந்த நிலையில் சடுதிமாற்றம் நடந்துவிட்டதா என்றால், இல்லை. குவானைனுக்கு எதிரே ஒரு யுராசில் பொருந்தாமல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இது சேதம். செல் பிரிவதற்காக டி.என்.ஏ. இரட்டிப்பாகும்போது இரண்டு இழைகளும் விலகுகின்றன. குவானைன் இருக்கும் இழைக்கு எதிரே வழக்கம்போல் சைட்டோசின் வருகிறது, அந்தப் பிரதி பழுதில்லாதது. யுராசில் இருக்கும் இழைக்கு எதிரே அடினைன் வந்து சேர்கிறது. அடுத்த இரட்டிப்பில் அந்த அடினைனுக்கு எதிரே தைமின் வருகிறது. சைட்டோசின்-குவானைன் இணை இருந்த இடத்தில் இப்போது தைமின்-அடினைன் இணை. இதைத்தான் சடுதிமாற்றம் என்கிறோம். இந்தப் புதிய இணையில் வேதியியல் குறை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தைமினும் முறையான காரம், அடினைனும் முறையான காரம், இரண்டும் சரியாகப் பொருந்தியிருக்கின்றன. எந்தப் பழுதுநீக்கு நொதி வந்து பார்த்தாலும் இங்கே தவறென்று சொல்ல எதுவும் இல்லை. சேதத்தைச் செல்லால் கண்டுபிடிக்க முடியும், சடுதிமாற்றத்தைக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் விடை.

ஆக, எல்லாமே கால அவகாசத்தைப் பொறுத்தது. யுராசில் தோன்றியதற்கும் அடுத்த இரட்டிப்புக்கும் இடையே பழுது நீக்கப்பட்டுவிட்டால் ஒன்றும் நடவாததுபோல் ஆகிவிடும். பெரும்பாலும் அப்படித்தான் ஆகிறது. யுராசிலை மட்டும் தேடிப் பிடித்து, சர்க்கரையிலிருந்து அறுத்து எடுக்கும் நொதியை 1974இல் தாமஸ் லிண்டால் ஈ.கோலை பாக்டீரியத்தில் கண்டறிந்தார். காரம் போன வெற்றிடத்தை வேறு நொதிகள் வெட்டித் திறந்து, எதிரே உள்ள குவானைனைப் பார்த்துச் சைட்டோசினை வைத்து, இழையை ஒட்டிவிடுகின்றன. இந்தப் பழுதுநீக்க ஆய்வுகளுக்காக லிண்டாலுக்கு 2015இல் பால் மாட்ரிச், அஸீஸ் சங்கார் ஆகியோருடன் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மனித செல்லில் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான சைட்டோசின்கள் அமினோ தொகுதியை இழக்கின்றன என்றும், சுமார் 10,000 இடங்களில் அடினைனோ குவானைனோ முற்றாகவே கழன்று விழுகிறது என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்த எண்களை அப்படியே விடைத்தாளில் எழுதலாம். ஆனால் இவை சோதனைக் குழாயில், செல்லுக்கு வெளியே அளந்த வேகங்களிலிருந்து கணக்கிட்டுப் பெற்றவை. புரதங்களைச் சுற்றி இறுகச் சுருண்டிருக்கும் டி.என்.ஏ.வில் உண்மையான எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் அது எத்தனை இலக்க எண் என்பதில் சந்தேகமில்லை. இதை இன்னோர் எண்ணோடு சேர்த்துப் பாருங்கள்: தாயிடமும் தந்தையிடமும் இல்லாத புதிய ஒற்றைக் கார மாற்றங்கள் ஒரு குழந்தையில் சராசரியாக 60 முதல் 70 வரைதான் இருக்கின்றன, அதுவும் சுமார் 600 கோடிக் காரங்களில். பழுதுநீக்கம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஆர்.என்.ஏ.வில் யுராசில் இருக்க, டி.என்.ஏ.வில் மட்டும் ஏன் தைமின் என்ற கேள்விக்கும் இங்கேயே விடை கிடைக்கிறது. தைமின் என்பது ஒரு மெத்தில் தொகுதி ஒட்டிய யுராசில்தான். டி.என்.ஏ.வில் இயல்பாகவே யுராசில் இருந்திருந்தால், எது முறையான யுராசில், எது கெட்டுப்போன சைட்டோசின் என்று நொதியால் பிரித்தறிய முடிந்திருக்காது. இது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். என்றாலும் பரிணாமத்தில் "ஏன்" என்று கேட்டுப் பெறும் விடைகள் எல்லாம் அனுமானங்களே. பிபிஎஸ்2 என்ற பாக்டீரிய வைரஸ் தைமினே இல்லாமல் யுராசிலைக் கொண்டே தன் டி.என்.ஏ.வைக் கட்டிக்கொள்கிறது. பாக்டீரியத்துக்குள் நுழைந்ததும் அங்குள்ள யுராசில் வெட்டும் நொதியைச் செயலிழக்கச் செய்யும் புரதம் ஒன்றையும் கையோடு தயாரித்துக்கொள்கிறது. விதிவிலக்கே விதியை நிரூபிக்கும் அழகான இடம் இது.

இந்தக் காவலுக்கு ஓர் ஓட்டை உண்டு. நம் டி.என்.ஏ.வில் சைட்டோசினை அடுத்துக் குவானைன் வரும் இடங்களில், மரபணுக்களை அடக்கிவைப்பதற்காகச் செல்லே அந்தச் சைட்டோசினில் ஒரு மெத்தில் தொகுதியை ஒட்டிவைக்கிறது. மெத்தில் ஏறிய சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்தால் யுராசில் ஆகாது, நேராகத் தைமினே ஆகிவிடும். அச்சுப் பிழை பார்ப்பவருக்கு உடைந்த எழுத்து உடனே கண்ணில் படும். 'மழை' என்பது 'மலை' என்று அச்சாகியிருந்தால், இரண்டும் நல்ல சொற்கள் என்பதால் கண் தாண்டிப் போய்விடும். இங்கும் அதே சிக்கல்தான். குவானைனுக்கு எதிரே தைமின் பொருந்தாமல் இருப்பதைப் பார்த்துத் திருத்தும் நொதிகளும் இருக்கின்றன, ஆனால் யுராசிலைப் பிடிப்பதில் உள்ள வேகமும் துல்லியமும் அவற்றுக்கு இல்லை. அதனால் இத்தகைய இடங்களில் சடுதிமாற்றம் மற்ற இடங்களைவிடப் பத்து மடங்கு வரை, சில இடங்களில் அதற்கும் மேலாக, அதிகம். பல கோடி ஆண்டுகளில் இந்த இரட்டை எழுத்துகள் ஒவ்வொன்றாக அழிந்து, கணக்குப்படி இருக்க வேண்டிய எண்ணிக்கையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மனித மரபணுத் தொகுதியில் மிச்சமிருக்கின்றன.

கை கால்கள் குறுகிப் பிறக்கும் அகோண்ட்ரோபிளாசியா என்ற குறையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எஃப்ஜிஎஃப்ஆர்3 என்ற மரபணுவில் இத்தகைய ஓர் இடத்தில் நிகழும் ஒரே மாற்றம், ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் காணப்படுகிறது. பெரும்பாலோர் சராசரி உயரமுள்ள பெற்றோருக்குப் பிறந்தவர்கள். மெத்தில் சைட்டோசினின் வேதியியல் மட்டுமே காரணம் என்று நான் படித்த காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது முழு உண்மையல்ல என்று இப்போது தெரிகிறது. இந்த மாற்றம் வந்த விந்துத் தாய்ச் செல், பக்கத்துச் செல்களைவிட வேகமாகப் பெருகுகிறது. அதனால் தந்தையின் வயது ஏற ஏற அத்தகைய விந்தணுக்களின் பங்கும் கூடுகிறது. இரண்டில் எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன்.

சேதமும் சடுதிமாற்றமும் வேறு என்பதைப் புத்தகம் இல்லாமலே பார்க்க வேண்டுமானால் உளுந்து வயலுக்கு வர வேண்டும். ஈத்தைல் மீத்தேன் சல்ஃபோனேட் என்ற திரவத்தை, சுருக்கமாக ஈ.எம்.எஸ். என்போம், தாங்கல் கரைசலில் கலந்து, முன்கூட்டியே தண்ணீரில் ஊறிய உளுந்து விதைகளைச் சில மணி நேரம் அதில் குலுக்குவோம். புகை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் இந்த வேலை, கையுறை இல்லாமல் யாரும் பாட்டிலைத் தொட மாட்டார்கள். பிறகு ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவி விதைப்போம். விதைகள் குறைவாகவே முளைக்கும். முளைத்தவையும் குட்டையாக, சுருங்கிய இலைகளோடு நிற்கும். புதிதாக வரும் மாணவர்கள் அந்தச் செடிகளைப் பார்த்து "சடுதிமாற்றம் வந்துவிட்டது" என்று குதிப்பார்கள். வரவில்லை. அல்லது வந்திருந்தாலும் நாம் பார்ப்பது அதையல்ல. குட்டையாகிப் போனது வேதிப்பொருள் செல்லுக்குச் செய்த காயம், அது அந்தச் செடியோடு போய்விடும். அந்தக் குட்டைச் செடிகளின் விதைகளைத் தனித்தனியாக எடுத்து வரிசை வரிசையாக விதைத்தால், இரண்டாம் தலைமுறையில் பச்சை நாற்றுகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளியும் பச்சையில்லாத வெள்ளை நாற்றுகள் தலைகாட்டும். வித்திலையில் சேர்த்துவைத்த உணவு தீரும்வரை நின்றுவிட்டு வாடிவிடும். வெள்ளை நாற்றுகளை எண்ணித்தான் மருந்து எவ்வளவு வேலை செய்தது என்று கணக்கிடுவோம்.

ஈ.எம்.எஸ். செய்யும் வேதியியலும் சுவையானது. அது காரங்களில் ஈத்தைல் தொகுதியை ஒட்டுகிறது. மிக அதிகமாக ஒட்டுவது குவானைனின் ஏழாம் இட நைட்ரஜனில். ஆனால் அந்த இடம் இணை சேர்வதில் பங்கெடுப்பதில்லை, அதனால் அங்கே ஒட்டியது எழுத்தை மாற்றுவது அரிது. மிகக் குறைவாகவே ஒட்டும் ஆறாம் இட ஆக்சிஜன்தான் விஷமம் செய்கிறது. அங்கே ஈத்தைல் ஏறிய குவானைன், சைட்டோசினை விட்டுத் தைமினோடு இணைகிறது. விளைவு குவானைன்-சைட்டோசின் இணை, அடினைன்-தைமின் இணையாக மாறுவது. ஈ.எம்.எஸ். தரும் மாற்றங்களில் மிகப் பெரும்பான்மை இந்த ஒரே வகைதான். எவ்வளவு சேதம் என்பதைவிட எந்த அணுவில் சேதம் என்பதுதான் முக்கியம். நஞ்சுகளை அளவை வைத்து மட்டும் பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். வேதிப்பொருள் சடுதிமாற்றத்தை உண்டாக்கும் என்பதே முதலில் தெரியவந்தது போர் நஞ்சு ஒன்றால்தான். எடின்பரோவில் சார்லட் ஆவர்பாக், ஜே. எம். ராப்சன் இருவரும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடுகு வாயுவைப் பழ ஈக்களில் சோதித்தார்கள். போர் ரகசியம் என்பதால் முடிவுகள் 1946இல்தான் வெளிவந்தன.

ஒவ்வொரு வேதி மாற்றமும் தனக்கே உரிய தடத்தை விட்டுச்செல்லும் என்பதிலிருந்து ஒரு நோயையே கண்டுபிடித்த கதை உண்டு. நாம் சுவாசிப்பதன் பக்க விளைவாகச் செல்லில் உருவாகும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் குவானைனின் எட்டாம் இடத்தைத் தாக்கி ஆக்சோகுவானைன் ஆக்குகின்றன. இந்தக் காரம் சர்க்கரையின் மேல் புரண்டு படுத்துக்கொண்டு அடினைனோடு இணைந்துவிடும். ஆகவே குவானைன் இருந்த இடம் தைமின் ஆகிவிடும். இதைத் தடுக்கவென்றே தனி நொதிகள் இருக்கின்றன. ஒன்று ஆக்சோகுவானைனை எடுக்கிறது, இன்னொன்று அதற்கு எதிரே தவறுதலாக வந்த அடினைனை எடுக்கிறது. 2002இல் பிரிட்டனில் ஒரு குடும்பத்தின் உடன்பிறந்தோர் சிலருக்குப் பெருங்குடலில் ஏராளமான கட்டிகள் இருந்தன. இத்தகைய நோய்க்கு வழக்கமாகக் காரணமாகும் ஏபிசி மரபணுவில் பிறவிப் பிழை எதுவும் அவர்களிடம் இல்லை. ஆய்வாளர்கள் கட்டிகளையே எடுத்து, அவற்றில் ஏபிசி எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தார்கள். பெரும்பாலான மாற்றங்கள் குவானைன் தைமினானவை. அப்படியானால் ஆக்சோகுவானைனைக் கவனிக்கும் நொதிகளில் ஒன்று பழுதாகியிருக்க வேண்டும் என்று ஊகித்துத் தேடினார்கள். அடினைனை எடுக்கும் நொதிக்கான மரபணு, எம்யுடிஒய்எச், தாய்வழி தந்தைவழி இரண்டு பிரதிகளிலும் கெட்டிருந்தது. விளைவிலிருந்து வேதியியலுக்கும், வேதியியலிலிருந்து மரபணுவுக்கும் பின்னோக்கி நடந்து போய்ச் சேர்ந்தார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதுதான் மாணவர்கள் உண்மையில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வெயில் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புறஊதாக் கதிர் அடுத்தடுத்துள்ள இரண்டு பிரிமிடின் காரங்களை, அதாவது சைட்டோசினையோ தைமினையோ, ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. பாடநூல்கள் எப்போதும் தைமின் இரட்டையைத்தான் படம் போடுகின்றன, ஆனால் அது சடுதிமாற்றத்துக்குப் பெரிய காரணமல்ல. அந்த இடத்தைக் கடந்து செல்லும் சிறப்புப் பாலிமரேஸ், அதாவது டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி, எதிரே இரண்டு அடினைன்களை வைத்துவிடுகிறது, அதுவே சரியான விடையும்கூட. சைட்டோசின் கலந்த இரட்டைகளில்தான் சிக்கல். அங்கே சைட்டோசின் மிக வேகமாக அமினோ தொகுதியை இழக்கிறது. அதனால் அடுத்தடுத்த இரண்டு சைட்டோசின்கள் இரண்டு தைமின்களாவது வெயிலின் கைரேகை என்றே கருதப்படுகிறது. சிகரெட் புகையில் உள்ள பென்சோபைரீன் குவானைனில் பருமனான சுமையாக ஒட்டிக்கொள்கிறது, குவானைன் தைமினாவது அதன் தடம்.

இனி கடலை. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பூஞ்சை சுரக்கும் அஃப்ளாடாக்சின் தானாக டி.என்.ஏ.வைத் தொடுவதில்லை. நஞ்சை வெளியேற்ற முயலும் கல்லீரல் நொதிகளே அதை வீரியமான பொருளாக மாற்றிவிடுகின்றன. அது குவானைனின் ஏழாம் இடத்தில் போய் ஒட்டுகிறது. 'ஏழாம் இடம் ஆபத்தில்லை என்றீர்களே' என்று கேட்பீர்கள். ஈத்தைல் சின்னஞ்சிறு தொகுதி, இதுவோ பெரிய பாறை, இரட்டிப்பையே தடுமாற வைக்கிறது. 1991இல் சீனாவின் சிதோங் பகுதியிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் கல்லீரல் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்த இரண்டு குழுக்கள், புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவின் 249ஆம் மூன்றெழுத்துக் குறியீட்டில் ஒரே குவானைன் தைமினாகியிருப்பதைத் திரும்பத் திரும்பக் கண்டன. இரண்டுமே உணவில் அஃப்ளாடாக்சின் அதிகமான பகுதிகள். ஹெபடைடிஸ் பி தொற்றும் அங்கே பரவலாக இருந்தது. இந்தத் தொடர்பு உறுதியானது. ஆனால் அந்த ஓரிடம் மட்டும் ஏன் என்பது அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. நஞ்சு மற்ற குவானைன்களிலும் ஒட்டத்தான் செய்கிறது. அந்த மாற்றம் பெற்ற செல், வைரஸ் உள்ள கல்லீரலில் நன்றாக வளர்வதால் நம் கண்ணில் அதிகம் படுகிறதா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் ஊருக்கு இது கடலையை விடவும் நேரடியாகப் பொருந்தும். ஆடுதீண்டாப்பாளை, ஈசுவரமூலி ஆகிய மூலிகைகள் அரிஸ்டோலோக்கியா இனத்தைச் சேர்ந்தவை. இந்த இனச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் அடினைனில் ஒட்டி அதைத் தைமினாக மாற்றுகிறது. மற்ற காரணங்களால் இந்த மாற்றம் இவ்வளவு வருவது அரிது என்பதால் கட்டிகளில் இதன் தடம் பளிச்சென்று தெரியும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் இந்த இனச் செடி கலந்த உடல் மெலிவு மருந்தை உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது, பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றும் வந்தது. பாம்புக்கடிக்கும் புழுவுக்கும் தலைமுறைகளாகக் கொடுத்துவந்த மூலிகை என்பது பாதுகாப்புச் சான்று ஆகாது. பல ஆண்டுகள் கழித்து வரும் நோயை எந்தப் பாட்டி வைத்தியமும் கவனித்துப் பதிவு செய்திருக்க முடியாது. இவற்றை உள்ளுக்குச் சாப்பிட வேண்டாம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

உங்கள் மாமாவுக்கு வருகிறேன். ஆயிரக்கணக்கான கட்டிகளின் மாற்றங்களை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால் வெயில், புகை, பூஞ்சை ஆகியவற்றின் தடங்கள் தெளிவாகப் பிரிகின்றன. தனியொரு மாற்றத்தைக் காட்டி அதைச் செய்தது யார் என்று கேட்டால் எந்த ஆய்வாளராலும் சொல்ல முடியாது. குவானைன் தைமினாவதற்கு ஆக்சிஜனும் காரணம், சிகரெட்டும் காரணம், அஃப்ளாடாக்சினும் காரணம், பாலிமரேஸ் தானே செய்த தவறும் காரணமாக இருக்கலாம். அவரது கட்டியை முழுவதுமாக வரிசைப்படுத்திப் பார்த்தால்கூட, அஃப்ளாடாக்சினின் தடம் இருக்கிறது அல்லது இல்லை என்று சொல்லலாமே தவிர, அவர் தின்ற கடலை என்று சொல்ல முடியாது. நிறம் மாறிய, சுருங்கிய, பூஞ்சை படிந்த கடலையைப் பொறுக்கி எறிவது நல்லது, வறுத்தால் அந்த நஞ்சு முழுவதும் போய்விடாது. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் அவரது மருத்துவரிடம் முதலில் கேட்பது அவருக்கு ஹெபடைடிஸ் பி அல்லது சி இருந்ததா என்பதைத்தான். பி இருந்திருந்தால் வீட்டிலுள்ளவர்கள் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது.